சிவப்பைச் சந்தேகப்பட்டவர்

நன்றாக வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அக்காவுக்கு முகம் வாடிவிடும். மோசம் என்று சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு நிம்மதியாக உட்காருவார். "மோசம்னா மோசம், அத்தோட முடிஞ்சிச்சு தம்பி. நல்லா கீதுன்னா, எதனால நல்லா கீதுன்னு கண்டுபுடிக்கிற வரிக்கும் வயித்தக் கலக்கிகினே இருக்கும்" என்பார். சொல்லும்போது உண்மையாகவே வயிற்றில் கை வைத்துக்கொள்வார்.

பெயர் வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் பதினாறு பேர் இருந்தோம். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் அக்கா. அந்தப் பக்கம் போய்விட்டால் சந்தேகம் அக்கா. அந்தப் பட்டத்தை யார் வைத்தது என்று விசாரித்தால் எல்லா விரலும் என் பக்கம்தான் நீளும். கோவில்பட்டியிலிருந்து வந்து பட்டாபிராமில் பிளாட் வாங்கிக் குடியேறியவன் நான். அக்காவைவிட நாலைந்து வயது சின்னவன். ஊரில் பட்டம் வைக்காமல் யாரையும் விட்டதில்லை, இங்கே மட்டும் விடுவேனா.

நாங்கள் தயாரித்தது சிவப்பு நிறமி. பண்ணையில் வளரும் இறாலுக்கு நல்ல சிவப்பு வர வேண்டும் என்றால் தீவனத்தில் அதற்கான நிறமியைச் சேர்க்க வேண்டும். அந்த நிறமியை உடம்பில் தானாகவே சேர்த்துக்கொள்ளும் ஒரு வகை ஈஸ்ட் இருக்கிறது. ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட்டுக்கு அது தூரத்துச் சொந்தம். ஆனால் கஞ்சப் பிரபு. சிவப்பைக் கொஞ்சமாகத்தான் சேர்க்கும். அதை அதிகமாகச் சேர்க்க வைப்பது அக்காவின் வேலை. அவர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதை இருநூறு லிட்டர் டேங்கில் போட்டு, காற்றும் சர்க்கரையும் கொடுத்துப் பெருக்குவது என் வேலை.

இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. அந்த ஈஸ்ட் குளிர் தேசத்துப் பிறவி. இருபது டிகிரியில் சந்தோஷமாக இருக்கும். முப்பதைத் தொட்டால் வெளுத்துச் சாகும். அம்பத்தூரில் மே மாதம் முப்பது டிகிரி என்பது விடியற்காலைக் கணக்கு. டேங்கைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட ஒரு சில்லர் மெஷின் வைத்திருந்தோம். அது ஓடினால் நாங்கள் உண்டு, நின்றால் இல்லை. "முப்பது டிகிரியிலும் சிவக்கிற ஒண்ணைக் கண்டுபிடிச்சுக் கொடுங்கம்மா. இல்லாட்டி இந்த ஊர்ல இந்தத் தொழிலைப் பண்ணவே முடியாது. இந்த வருஷம் பார்ப்பேன், அப்புறம் கல்ச்சர் ரூமை மூடிட்டு வேற பார்க்க வேண்டியதுதான்" என்று முதலாளி சொல்லியிருந்தார். கல்ச்சர் ரூம் என்பது ஈஸ்ட்டை வளர்த்துத் தேர்ந்தெடுக்கும் அறை, அதாவது அக்கா. அவருடைய வேலை அந்த ஒற்றை நிறத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தேடுகிற விதம் இதுதான். தட்டில் பரப்பிய ஈஸ்ட்டை புறஊதாக்கதிர் விளக்கின் கீழ் சில நொடிகள் வைப்பார். பெரும்பாலும் செத்துவிடும். தப்பியவை நாலைந்து நாளில் கடுகு கடுகாகப் புள்ளி வைத்து வளரும். அந்த நூற்றுக்கணக்கான புள்ளிகளில் எது மற்றதைவிடச் சிவப்பு என்று கண்ணால் பார்த்து எடுக்க வேண்டும். அக்கா டியூப் லைட்டில் பார்க்க மாட்டார். வடக்கு ஜன்னலோரம், காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள்தான். பதினொன்றுக்கு மேல் எதிர்க் கம்பெனியின் சிவப்புத் தகரக் கூரையில் வெயில் பட்டு இங்கே அடிக்குமாம், அப்போது எல்லாமே அழகாகத் தெரியுமாம். ஜன்னல் பக்கம் சிவப்புச் சேலை கட்டிய யாரும் போகக்கூடாது. பேக்கிங் பெண்கள் வேண்டுமென்றே போவார்கள்.

அப்படி எடுத்ததைக் குழாயில் வளர்த்து, லேபிளில் நம்பர் எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார். புதிய தட்டில் மூன்று முறை வளர்த்தும் அதே சிவப்பு நின்றால்தான் அந்தக் குறியை ரப்பரால் அழிப்பார். பெரும்பாலும் இரண்டாவது முறையே வெளுத்துவிடும். ஸ்டாண்டு முழுக்கக் கேள்விக்குறியாக நிற்கும். பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவன் விடைத்தாள் மாதிரி இருக்கிறதக்கா என்று நான் கிண்டல் செய்வேன். "பட்ச்சிட்டு வந்தவனுக்குத்தான் சந்தேகம் வரும்" என்பார்.

அந்த ஈஸ்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. சௌகரியமாக இருந்தால் சிவக்காது. வெளிச்சத்தைக் காட்டி, சாப்பாட்டைக் குறைத்து, கொஞ்சம் கஷ்டம் கொடுத்தால்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த நிறத்தைச் சேர்க்கும். "உங்களை மாதிரியேதாம்க்கா, பயந்தாத்தான் வேலை பார்க்குது" என்று ஒரு நாள் சொன்னேன். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் பயந்தா வெளுத்துப் பூடுவேன் தம்பி" என்றார்.

பார்க்காத எதையும் அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. கள்ளிக்குப்பத்தில் பல தலைமுறையாக இருக்கிற விவசாயக் குடும்பம் அவருடையது. நெல் விளைந்த இடமெல்லாம் மனையாகிப் போனாலும், தெருவில் யார் யாருக்கு என்ன உறவு என்பது அவருக்கு அத்துப்படி. எங்கள் பேக்கிங் சூப்பர்வைசர் தன் தங்கைக்கு அந்தத் தெருவில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டு அக்காவிடம் விசாரிக்க வந்தார்.

"பையன் குடிப்பானாக்கா?"

"நான் பாத்ததில்ல."

"அப்போ நல்ல பையன்னு சொல்லுங்க."

"அத்தையும் பாத்ததில்ல."

சூப்பர்வைசர் கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் விசாரித்துக் கல்யாணத்தை முடித்தார். அக்காவும் போய் வந்தார். மாப்பிள்ளை எப்படி என்று நான் வேண்டுமென்றே கேட்டேன். "சாம்பார் நல்லா இருந்துச்சு. அத்த நானே சாப்ட்டுப் பாத்தேன்" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் இதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். ஒரு தட்டைப் பார்த்துவிட்டு மூடுவார், ஐந்து நிமிடத்தில் திரும்பத் திறப்பார். என்ன அக்கா என்றால் ஒன்றுமில்லை என்பார். அந்த ஒன்றுமில்லை என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வருடத்தில் எனக்கும் தொற்றிவிட்டது. காலையில் பட்டாபிராமில் ரயிலேறினால் ஆவடி வருவதற்குள் வீட்டுக்குப் போன் போட்டு கேஸை மூடினேனா, மோட்டாரை நிறுத்தினேனா என்று கேட்பேன். "உங்களுக்கு அந்த அக்கா சீக்கு வந்துட்டு" என்றாள் என் மனைவி. எனக்கு அக்கா மேல்தான் எரிச்சல் வந்தது.

ஒரு முறை, நல்ல மழை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே போக முடியாமல் இருவரும் கல்ச்சர் ரூமில் மாட்டிக்கொண்டோம். எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். முதல் வேலை ஒரு டானிக் கம்பெனியில். ஒரு நாள் டானிக்கில் யாரோ எதையோ மாற்றி ஊற்றிவிட்டார்கள். யார் ஊற்றியது என்று மேனேஜர் கேட்டபோது, இவர் கூட வேலை செய்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டார். பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவள்தான் அங்கே நின்றிருப்பாள் என்று ஒரு நினைப்பு. அன்று சாயங்காலமே அவளை அனுப்பிவிட்டார்கள்.

"அவதான் ஊத்துனாளா?"

"இன்னிக்கி வரிக்கும் தெரியாது தம்பி. ஊத்திருக்கலாம். ஊத்தாம இருந்திருந்தான்னா?"

மழை விட்டதும் நான் எழுந்து போய்விட்டேன். அன்று மட்டும் கிண்டல் வரவில்லை.

இப்போது மைசூர்பாகு கதை. அதைச் சொல்லாமல் மற்றது புரியாது. நான் சேர்ந்த முதல் வருடம், ஒரு பேட்ச் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்து ரோஸ் கலரில் பொங்கியது. நான் துள்ளினேன். முதலாளி மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். அக்கா தன் பங்கைக் காகிதத்தில் மடித்து மேசையில் வைத்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீர்க் குழாய்களை எடுத்தார். எங்கள் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் காற்று விடும். குழாய்க்குள் ஒரு குட்டிக் குழாயைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். காற்று வந்தால் அதன் தலையில் குமிழி நிற்கும். மூன்று நாள் பார்த்தார். குமிழி இல்லை. டேங்கில் இருந்தது எங்களுடையதே அல்ல, காற்றில் வந்து விழுந்த வேறொரு ஈஸ்ட். அதுவும் ரோஸ்தான், வெயிலையும் தாங்கும், ஆனால் அதில் எங்கள் நிறமி கிடையாது. அதற்குள் அது கல்ச்சர் ரூம் முழுக்கப் பரவியிருந்தது. ஒரு மாதம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். முதலாளி என்னை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அதற்குப் பிறகு ரோஸ் நிறத்தில் எதைப் பார்த்தாலும் பிளீச்சிங் பவுடரைத் தேடுவேன்.

இனி அந்த வைகாசி மாதத்துத் திங்கட்கிழமை.

சனிக்கிழமை சாயங்காலம் நான் போன பிறகு சில்லர் நின்றிருக்கிறது. ஞாயிறு யாரும் இல்லை. திங்கள் காலை நான் உள்ளே போனபோது டேங்கின் வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியது. போச்சு, வெளுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே சாம்பிள் குழாயைத் திறந்தேன். மிளகாய்த்தூளைக் கரைத்த மாதிரி வந்தது. அப்படி ஒரு சிவப்பை அந்தக் குழாயில் நான் பார்த்ததே இல்லை. கொஞ்சம் என் சட்டைக் கையில் தெறித்தது. முப்பத்திரண்டு டிகிரியில் சிவப்பு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. மைசூர்பாகுக்காரன் திரும்ப வந்துவிட்டான்.

அக்கா வந்து பார்த்தார். வயிற்றில் கை போனது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், அதில் எங்கள் ஈஸ்ட்டும் அந்த வெளி ஈஸ்ட்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். நான்கு சர்க்கரைக் குழாய் போட்டார், இரண்டு தட்டில் பரப்பினார். சாம்பிளில் மிச்சத்தைச் சூட்டடுப்பில் காய வைத்துப் பொடியாக்கி, என்ன நிறமி, எவ்வளவு என்று பார்த்துச் சொல்லக் கிண்டியில் இருக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்.

"வெளியாள்தானக்கா?"

"பாக்காம எப்டி சொல்றது. நம்முளுதா கூட இருக்கலாம்."

"இந்தச் சூட்டுலயா?"

"அதான் பயமா கீது" என்றார்.

எனக்கும் பயம்தான். ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்துக்குப் பயந்தோம். நான் அது வெளியாளாக இருக்குமென்று பயந்தேன். அவர் அது எங்களுடையதாக இருந்துவிடுமோ என்று பயந்தார். இரண்டு வருடமாகத் தேடியது கையில் வந்து நின்றால், அதை நம்புவதற்கு அவருக்குத் தைரியம் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு குழாயில் எள்ளளவு குமிழி தெரிந்தது. தூக்கும்போது குலுங்கினாலும் அப்படித் தெரியும். அக்கா சொல்ல மறுத்தார். அன்று அவர் மகளுக்கு ஆவடியில் காலேஜ் அட்மிஷன். பத்தரை மணிக்கு அரை மனதாகக் கிளம்பினார். சில்லர் மெக்கானிக் பதினொன்றுக்கு வந்தான். டேங்கைக் காலி செய்தால்தான் கை வைக்க முடியும் என்றான். முதலாளி நெல்லூரில் தீவனக் கம்பெனிக்காரர்களோடு இருந்தார். போனில், "அக்காகிட்ட கேட்டு முடிவு பண்ணு. ஆனா போன தடவை மாதிரி ரூம் பூரா பரவவிட்டா உன்னைத்தான் கேட்பேன்" என்றார்.

பன்னிரண்டு பத்துக்கு என் வாட்ஸ்அப்பில் அக்காவின் மெசேஜ் வந்தது. "தம்பி, குமிழி தானா வந்ததா குலுக்கினதால வந்ததான்னு தெரியல. நான் வந்து பாக்கிற வரைக்கும் டேங்க்கையும் டியூபையும் தொடாதீங்க."

படித்தேன். முழுதாக, ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தேன். மெக்கானிக் கையில் ஸ்பேனரோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவர் வந்து பார்ப்பார், இன்னொரு நாள் என்பார், மூன்று முறை வளர்த்துப் பார்ப்போம் என்பார், அதற்குள் அந்த ரோஸ் பிசாசு ஜன்னல் கதவு வரை ஏறிவிடும் என்று நினைத்தேன். இரண்டு வருட எரிச்சலும் என் விரலுக்கு வந்தது. போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். டேங்குக்குள் நீராவி விடும் ஸ்டீம் வால்வைத் திறந்தேன். டேங்க் கொதித்து அடங்கியதும் கல்ச்சர் ரூமுக்குப் போய், அந்த நான்கு குழாயையும் இரண்டு தட்டையும் எடுத்து ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பெட்டியில் வைத்து, அதையும் கொதிக்க விட்டேன். சுத்தமாகச் செய்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அக்கா மூன்று மணிக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். ஸ்டாண்டைப் பார்த்தார். ஆட்டோகிளேவ் கூடையைத் திறந்து குழாய்களை விரலால் தொட்டு எண்ணினார். நான்கும் இருந்தன, செத்து.

"மெசேஜ் பாக்கலியா தம்பி?"

"என்ன மெசேஜ்?" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. போனை எடுத்து, அப்போதுதான் பார்ப்பவன் போலப் புருவத்தைச் சுருக்கி, "மெஷின் சத்தத்துல கவனிக்கலயேக்கா" என்று வேறு சொன்னேன். அவர் தன் போனை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டுப் பையில் போட்டார்.

"போன் பண்ணிருக்கணும். நான்தான் மெசேஜ் போட்டுட்டு உக்காந்துகினேன்" என்றார்.

எட்டாவது நாள் கிண்டியிலிருந்து முடிவு வந்தது. அது எங்கள் நிறமிதான். நாங்கள் அதுவரை எடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். முப்பத்திரண்டு டிகிரியில், ஞாயிற்றுக்கிழமை, யாரும் பார்க்காதபோது, டேங்கில் இருந்த கோடிக்கணக்கில் ஏதோ ஒன்று மாறி, சூட்டில் மற்றதெல்லாம் சாக, அது மட்டும் பெருகியிருக்கிறது. அக்கா தாளை ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் படித்தார். நான் எதிர்பார்த்தது அழுகையை. அவர் கேட்டது என் சட்டையை.

"அன்னிக்கி கையில தெறிச்சிச்சே, அந்த சட்ட எங்க கீது?"

வீட்டுக்குப் போன் போட்டேன். அதை அப்போதே சோப்புப் போட்டுத் துவைத்து மடித்து வைத்துவிட்டதாகவும், அதற்குப் பிறகு ஒரு முறை நான் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கே போனதாகவும் சொன்னாள் மனைவி. அக்கா விடவில்லை. பஞ்சுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சாம்பிள் குழாயின் திருகு, டேங்கின் மூடி இடுக்கு, சாக்கடை வாய், மெக்கானிக் விட்டுப்போன கந்தல் துணி, எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துத் தட்டில் இழுத்தார். ஒரு வாரம் பார்த்தார். பூஞ்சையும் பாக்டீரியாவும் வந்தன. சிவப்பு வரவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி எடுத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை.

முதலாளி வந்ததும் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் அந்தத் தாள் இருந்தது.

"யார் கொல்லச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினார். "நான் அங்க இல்ல சார். தொட வேணாம்னு மெசேஜ்தான் போட்டேன், போன் பண்ணல. என் தப்பு."

முதலாளி என்னைப் பார்த்தார். "மெசேஜ் பார்த்தியா?"

"சாயங்காலம்தான் சார் பார்த்தேன்."

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "ஊர்ல எல்லாத்தையும் சந்தேகப்படுவீங்க. ஒரு போன் பண்ணத் தோணலியா உங்களுக்கு?" அக்கா மேசையிலிருந்த தாளை மடித்து எடுத்துக்கொண்டார். நான் அவருக்கு முன்னால் வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஆறு மாதம். சில்லரை வேண்டுமென்றே நிறுத்தி, தட்டுகளைச் சூட்டில் வைத்து, அதே விபத்தை மறுபடி நடத்திக் காட்ட அவர் படாத பாடு பட்டார். காலையில் நான் வரும்போது அவர் ஏற்கெனவே ஜன்னலோரம் நிற்பார். கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. தட்டுகள் வெள்ளை வெள்ளையாகச் செத்தன. ஒவ்வொரு முறை அவர் மூடியைத் திறக்கும்போதும் நானும் எட்டிப் பார்ப்பேன்; இன்று ஒரு புள்ளி சிவந்துவிட்டால் நான் தப்பித்தேன் என்று இருக்கும். அவருக்காக வேண்டினேன் என்று சொல்ல ஆசைதான். எனக்காகத்தான் வேண்டினேன்.

கார்த்திகையில் முதலாளி கல்ச்சர் ரூமை மூடினார். டேங்குகளில் உயிர் உரம் தயாரிப்பது என்று முடிவானது. அதற்கு டேங்க் ஓட்டுபவன் வேண்டும், நான் இருந்தேன். சிவப்பைத் தேடுபவர் வேண்டாம்.

கடைசி நாள் சாயங்காலம் இருவரும் ஒன்றாக வெளியே வந்தோம். அவர் கையில் ஒரு டிபன் பையும் ஒரு பழைய வெள்ளைக் கோட்டும் இருந்தன. நான் பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நேராகப் போயிருக்கலாம். அக்காவின் வீட்டுப் பக்கம், அம்பத்தூர் ஓ.டி.க்குப் போகும் ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் வரை கூடவே நடந்தேன். மகள் காலேஜ் எப்படி என்று கேட்டேன். போய்க்கொண்டிருக்கிறாள் என்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இன்று சொல்லாவிட்டால் இனிமேல் சொல்ல ஆளே இருக்காது என்று தோன்றியது.

"அக்கா, அன்னைக்கு அந்த மெசேஜை நான் பார்த்தேன். ஸ்டீம் திறக்கிறதுக்கு முன்னாலயே பார்த்தேன்."

அவர் நடை நிற்கவில்லை. கோட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"பன்னண்டு பத்துக்கு அனுப்புனேன். பன்னண்டு பதினொண்ணுக்கு நீல டிக் வந்துச்சு. அட்மிஷன் வரிசையில நின்னுகினு அத்தையே பாத்துகினு இருந்தேன்."

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். "அப்போ உங்களுக்குத் தெரியுமா? முதலாளிகிட்ட ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? டிக்குதான் பாத்தேன். போன் யாரு கையில இருந்துச்சுன்னு பாத்தனா? மேசையில கெடந்துச்சோ, வேற யாராச்சும் எடுத்தாங்களோ, நீங்க தொறந்துட்டு படிக்காம உட்டீங்களோ. எனக்கு இன்னா தெரியும்."

"உங்க வேலை போயிருச்சேக்கா."

"அதுக்காவ? பாக்காததப் போயி பாத்தேன்னு சொல்ல சொல்றீங்களா?"

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். டிரைவர் இடம் இருக்கிறது, ஏறும்மா என்றார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்து, பையைத்தான் வாங்கிப் பிடித்துக் கொடுத்தேன். அக்கா ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முகம் வாடியிருந்தது, அவ்வளவுதான்.

"ஆறு மாசமா நீங்க பாத்துருக்க மாட்டீங்கன்னு ஒரு பக்கம் நெனச்சிகினு இருந்தேன் தம்பி. இத்த மட்டும் சந்தேகமாவே உட்ருக்கலாம்" என்றார்.

ஆட்டோ கிளம்பியது.